கூட்டம் செய்ததற்குத் தலைவர் பொறுப்பா?

1922 மார்ச் 18. அகமதாபாத்தில் காந்தியின் மீதான ராஜத்துரோக வழக்கு விசாரணைக்கு வந்தது. 'யங் இந்தியா' இதழில் அவர் எழுதிய மூன்று கட்டுரைகள்தான் குற்றச்சாட்டு. ஆனால் அரசு வழக்கறிஞர் ஸ்ட்ராங்மேன் கட்டுரைகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வேல்ஸ் இளவரசர் வந்தபோது பம்பாயிலும் சென்னையிலும் நடந்த கலவரங்களையும், சௌரி சௌராவில் காவலர்கள் எரித்துக் கொல்லப்பட்டதையும் எடுத்துவைத்தார். அரசின் மீது வெறுப்பை வளர்த்துக்கொண்டே அகிம்சை பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இவைதான் சாட்சி என்றார். காந்திக்கு எளிதான மறுமொழி இருந்தது. அந்த இடங்கள் எதிலும் அவர் வன்முறையைத் தூண்டவில்லை. மேடைக்கு மேடை அதற்கு நேர் எதிராகத்தான் பேசியிருந்தார். அந்த மறுமொழியை அவர் எடுக்கவில்லை. வழக்கறிஞர் தன் மீது சுமத்தும் பழி சரியானதே என்று ஒப்புக்கொண்டார். படிப்பும் உலக அனுபவமும் பொறுப்பும் உள்ள ஒரு மனிதன் தன் ஒவ்வொரு செயலின் விளைவையும் அறிந்திருக்க வேண்டும் என்றார். நீதிபதி புரூம்ஃபீல்டு ஆறு ஆண்டு சிறை விதித்தார்.

அந்த ஒப்புதலுக்கு ஒரு மாதம் முன்பே காந்தி அதற்கான விலையைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். கோரக்பூர் மாவட்டத்துச் சௌரி சௌராவில் போலீசார் சுட்டதில் சிலர் இறந்தனர். ஆத்திரமடைந்த கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்தியதில் 22 காவலர்கள் மாண்டனர். அந்தக் கூட்டம் 'மகாத்மா காந்திக்கு ஜே' என்று முழங்கிக்கொண்டு போன கூட்டம். செய்தி வந்ததும் காந்தி ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். நாடெங்கும் உச்சத்தில் இருந்த ஒத்துழையாமை இயக்கத்தை பர்தோலியில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டியின் மூலம் நிறுத்தினார். சிறையில் இருந்த நேருவும் லாலா லஜபதி ராயும் சி.ஆர். தாஸும் கொதித்துப்போனார்கள். எங்கோ ஒரு மூலையில் ஓர் ஊர்க் கூட்டம் செய்ததற்கு ஒரு தேசமே தண்டனை அனுபவிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இயக்கத்தை நிறுத்தியது சரியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் தன் பெயரைச் சொல்லி நடந்ததற்குத் தான் பதில் சொல்ல வேண்டும் என்பதில் காந்திக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இன்றைய மேடைகளில் அந்த மனப்பாங்கைக் காண்பது அரிது. ஒரு தலைவர் பேசுகிறார். இரண்டு நாளில் ஒரு தெரு எரிகிறது. உடனே அறிக்கை வருகிறது: 'என் பேச்சைத் திரித்துவிட்டார்கள்', 'உணர்ச்சிவசப்பட்ட தொண்டர்கள் செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு?', 'கல்லை எறிந்தது நானா?' சட்டம் பல நேரங்களில் இந்தப் பதில்களை ஏற்றுக்கொள்ளும். சட்டம் கேட்கும் ஆதாரத்தின் அளவு பெரிது. அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் நீதிமன்றம் விட்டுவிட்டதாலேயே தலைவரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. 'அடி' என்று சொன்னால்தான் பொறுப்பு என்று வைத்தால் எந்தத் தலைவரும் எதற்கும் பொறுப்பாக மாட்டார். விவரமான எவரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. தன் சொல்லைத் தன் மக்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று அறிந்தும் ஒரு தலைவர் பேசும் கணத்திலேயே பொறுப்பு தொடங்கிவிடுகிறது. இதற்கு இருபதாம் நூற்றாண்டு தந்த மிகக் கொடிய சான்று ருவாண்டா.

1992 நவம்பர் 22 அன்று, ருவாண்டாவின் வடமேற்கில் உள்ள கபாயா என்ற ஊரில் ஆளுங்கட்சிப் பிரமுகர் லியோன் முகேசெரா பேசினார். அவர் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர். சிறுபான்மையினரான டுட்சி மக்களை 1959-இல் உயிரோடு நாட்டைவிட்டுப் போகவிட்டது தவறு என்றார். அவர்களின் பூர்வீகம் எத்தியோப்பியா என்றும், நியாபரோங்கோ ஆற்றின் வழியாகக் குறுக்கு வழியில் அங்கே அனுப்பிவைப்போம் என்றும் சொன்னார். அந்த ஆற்றில் எத்தியோப்பியாவுக்குப் படகு போகாது என்பது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நீதி அமைச்சர் அவரைக் கைது செய்ய உத்தரவிட்டார். முகேசெரா தப்பிக் கனடாவில் குடியேறினார். 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியது. ஏறத்தாழ நூறு நாட்களில் 8 லட்சம் பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். நியாபரோங்கோவில் உண்மையாகவே பிணங்கள் மிதந்தன. அவை விக்டோரியா ஏரி வரை போய்ச் சேர்ந்தன.

படுகொலை தொடங்கிய பிறகும் நாட்டின் எல்லாப் பகுதிகளும் உடனே பற்றிக்கொள்ளவில்லை. தெற்கே புட்டாரே மாகாணத்தில் ஹுட்டுகளும் டுட்சிகளும் கலந்து வாழ்ந்தார்கள்; அங்கே மாகாண ஆளுநரே ஒரு டுட்சி. சுமார் இரண்டு வாரம் அந்தப் பகுதி பெருமளவு தாக்குப்பிடித்தது. அரசு அந்த ஆளுநரைப் பதவிநீக்கம் செய்தது. பின்னர் அவர் கொல்லப்பட்டார். ஏப்ரல் 19 அன்று புதிய ஆளுநர் பதவியேற்கும் விழாவுக்கு இடைக்கால அதிபர் தியோடோர் சிந்திகுப்வாபோ நேரில் வந்தார். அதே மாகாணத்துக்காரர், தொழிலால் மருத்துவர். இது நம் வேலையில்லை என்று ஒதுங்கி நிற்பவர்களைக் கண்டித்தார். அப்படிப்பட்டவர்கள் 'வேலை செய்பவர்களுக்கு' வழிவிட வேண்டும் என்றார். கொல் என்ற சொல் அந்தப் பேச்சில் இல்லை. ஆனால் அந்த ஏப்ரலில் 'வேலை' என்றால் என்ன என்று கேட்டவர்கள் அறிவார்கள், சொன்னவரும் அறிவார். புட்டாரேயில் கொலைகள் பெருவெள்ளமாய்ப் பெருகியது அதற்குப் பிறகுதான். அதே நாள் அதிகாலையில் தபா என்ற வட்டாரத்தின் தலைவர் ழான்-பால் அகயேசு ஒரு பிணத்தைச் சுற்றி நின்ற கூட்டத்திடம், ஒரே எதிரியை ஒழிக்க ஒன்றுபடுங்கள் என்று பேசினார். முந்தைய நாள் இடைக்கால அரசின் தலைவர்கள் கூட்டிய கூட்டத்துக்குப் போய் வரும்வரை தன் வட்டாரத்தில் கொலைகளைத் தடுக்க முயன்றவர் அவர். அந்தப் பேச்சுக்குப் பிறகு தபாவிலும் கொலை பரவியது. 1998 செப்டம்பர் 2 அன்று ஐ.நா. தீர்ப்பாயம் அவரைக் குற்றவாளி என்றது. இனப்படுகொலைக்காக ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் விசாரித்து வழங்கிய முதல் குற்றத்தீர்ப்பு அது. தன் சொற்களைக் கூட்டம் எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதை அகயேசு முழுமையாக அறிந்திருந்தார் என்பது தீர்ப்பின் முக்கியமான முடிவுகளில் ஒன்று.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மக்கள் ஆட்டுமந்தைகளா? வாளை எடுத்தவனுக்குச் சொந்தப் புத்தி இல்லையா? தலைவரின் பேச்சுக்கு இவ்வளவு சக்தி உண்டு என்று சொல்வது, கொன்றவனைத் தப்பவிடுவதாகாதா? இதை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். ருவாண்டாச் சிறைகளில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட கொலையாளிகளை ஸ்காட் ஸ்ட்ராஸ் என்ற அரசியல் அறிஞர் பேட்டி கண்டார். டுட்சிகளுக்கு எதிராக வெறுப்பைப் பரப்பிய ஆர்.டி.எல்.எம். வானொலியைக் கேட்டதால்தான் கொன்றோம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானோர் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளூர் அதிகாரியும் நேரில் வந்து அழைத்ததைத்தான். வேறொரு ஆய்வில் பொருளியல் அறிஞர் யானகிஸாவா-ட்ராட், அந்த வானொலி எட்டிய கிராமங்களையும் மலைகள் அலைவரிசையை மறைத்த கிராமங்களையும் ஒப்பிட்டார். படுகொலையில் பங்கெடுத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த ஒலிபரப்பின் விளைவு என்பது அவர் கணக்கு. இரண்டும் தரும் பாடம் ஒன்றுதான். பேச்சு மந்திரமில்லை, அது தனியாக யாரையும் கொலைகாரனாக்காது. ஆனால் மேலே இருப்பவர் பேசியதும் கீழே இருக்கும் அதிகாரி துணிகிறார். அதிகாரி துணிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு வருகிறார். அகயேசு ஒரே இரவில் மாறியது அப்படித்தான். தலைவரின் சொல் கேட்பவனுக்கு முதலில் தருவது வெறுப்பை அல்ல, அனுமதியை. இனி யாரும் தடுக்க மாட்டார்கள், யாரும் தண்டிக்க மாட்டார்கள் என்ற உறுதி அதில் இருக்கிறது.

கொன்றவனின் குற்றமும் தூண்டியவரின் குற்றமும் ஒரே தட்டில் இருந்து பங்கு போட்டுக்கொள்ளும் சோறு அல்ல, ஒருவருக்கு அள்ளி வைத்தால் மற்றவருக்குக் குறைந்துபோவதற்கு. இருவரும் தத்தம் குற்றத்தை முழுமையாகவே சுமக்கிறார்கள். உண்மையில் நடப்பது என்னவென்றால், தொண்டன் எப்போதும் முழு விலை கொடுக்கிறான். தலைவர்தான் தள்ளுபடி கேட்கிறார். சௌரி சௌரா வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் 172 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மதன்மோகன் மாளவியா உயர் நீதிமன்றத்தில் வாதாடிப் பலரின் உயிரைக் காப்பாற்றினார். ஆனாலும் 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். அவர்கள் ஏழை விவசாயிகள். எந்தக் கலவரத்தை எடுத்துப் பார்த்தாலும் இந்தக் காட்சிதான். வழக்கு, ஜாமீன், வாய்தா, சிறை எல்லாம் கல்லெறிந்த பையனுக்கு. அவனுக்கு அந்தக் கல்லை எறியும் துணிச்சலைத் தந்தவர் அடுத்த ஊரில் அடுத்த மேடையில் பேசிக்கொண்டிருப்பார்.

இதைவிடக் கனமான இன்னொரு மறுப்பு உண்டு. பேச்சின் விளைவுக்குப் பேசியவரே பொறுப்பு என்று சட்டம் வகுத்தால், அந்தச் சட்டம் முதலில் யார் மேல் பாயும்? தமிழர்களுக்கு இதன் விடை நன்றாகவே தெரியும். தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் தலைநிமிர்ந்தார்கள். 1908 மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீசார் சுட்டதில் நால்வர் இறந்தனர். பழி முழுதும் அவர்களின் பேச்சின் மீது விழுந்தது. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததையும் சேர்த்து வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள், மொத்தம் நாற்பது ஆண்டு என்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், கோவைச் சிறையில் செக்கிழுத்து உடல் நொந்து, தான் தொடங்கிய கப்பல் கம்பெனியையும் இழந்து, 1912 இறுதியில்தான் அவர் வெளியே வந்தார். விளைவு ஒன்றை மட்டுமே அளவுகோலாக்கினால் வ.உ.சி.யும் குற்றவாளி, முகேசெராவும் குற்றவாளி. அப்படிப்பட்ட அளவுகோல் நமக்கு வேண்டாம். கசப்பாகப் பேசும் உரிமை இல்லாத நாட்டில் ஒடுக்கப்பட்டவனுக்கு வாயே இல்லை.

ஆகவே விளைவோடு வேறு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பேச்சு யாரை நோக்கியது? வ.உ.சி. பேசியது பீரங்கியும் சிறையும் கையில் வைத்திருந்த ஓர் ஆட்சியை எதிர்த்து. முகேசெரா பேசியது கேட்டவர்களின் பக்கத்து வீட்டில் குடியிருந்த, தற்காத்துக்கொள்ள வழியில்லாத மக்களை எதிர்த்து. அதிகாரத்தின் மீதான கோபத்தையும் அண்டை வீட்டாரின் மீதான கோபத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இரண்டாவது, பேசியபோது சூழல் என்ன, அதைப் பேசியவர் அறிந்திருந்தாரா? அமைதியான ஊரில் வெறும் சவடாலாகப் போகும் ஒரு வாக்கியம், பிணம் கிடக்கும் தெருவில் கட்டளையாகிவிடும். மூன்றாவது, முதல் ரத்தம் சிந்தியபின் அவர் என்ன செய்தார்? பேசும்போது மனதில் என்ன இருந்தது என்பதை யாரும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் விளைவைக் கண்ணால் கண்டபின் அவர் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் ஊரே பார்க்கிறது. இந்த மூன்றாவது கேள்விக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

'நான் உருவகமாகத்தான் சொன்னேன்' என்ற வாதத்தையும் இந்த மூன்று கேள்விகளின் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். முகேசெராவும் அதைச் சொன்னார். தேர்தலைப் பற்றியும் சட்டத்தின் ஆட்சியைப் பற்றியும்தான் பேசினேன் என்று கனடாவில் வாதிட்டார். 2003-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவும் செய்தது. 2005-இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்தப் பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி அகராதி பார்த்துப் பொருள் கொள்ளாமல், பேசிய நாள், கேட்ட கூட்டம், நாட்டின் நிலை எல்லாவற்றோடும் சேர்த்துப் படித்தது. 2012-இல் அவர் ருவாண்டாவுக்கு அனுப்பப்பட்டார்; 2016-இல் ஆயுள் தண்டனை பெற்றார். ஒரே ஒரு பேச்சுக்குத் தீர்ப்பு வர 23 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புட்டாரேயில் பேசிய சிந்திகுப்வாபோ எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிற்காமலே தப்பியோடிய நாட்டில் இறந்தார். வெறுப்பு வானொலி வழக்கிலும், படுகொலை தொடங்குவதற்கு முந்தைய ஒலிபரப்புகள் நேரடித் தூண்டுதல் என்று நிரூபணமாகவில்லை என 2007-இல் ஐ.நா. தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு கூறியது. சட்டத்தின் கை மெதுவானது, அதன் எல்லை குறுகலானது. மீதியை வேறு யாராவதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சைப் போலவே மௌனத்துக்கும் பொறுப்பு உண்டு. ருவாண்டாவின் இடைக்காலப் பிரதமர் ழான் கம்பாண்டா தீர்ப்பாயத்தின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அவர் ஒப்புக்கொண்டவற்றில் ஒன்று இது: 1994 மே 3 அன்று, ஒரு படுகொலையில் பிழைத்து மருத்துவமனையில் இருந்த குழந்தைகளைக் காப்பாற்றும்படி அவரிடம் நேரில் கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. கூட்டம் முடிந்த அதே நாளில் அந்தக் குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு இப்படிப்பட்ட மௌனத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலை 24 இரவு கொழும்பில் தொடங்கிய வெறியாட்டம் நாள்கணக்கில் நீடித்தபோது, ஜனாதிபதி ஜெயவர்த்தன நாட்டு மக்களிடம் பேச ஜூலை 28 வரை எடுத்துக்கொண்டார். பேசியபோது வீடிழந்த, உறவிழந்த தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் சொல் கூட அதில் இல்லை. சிங்கள மக்களின் எதிர்வினை என்ற விளக்கமும் பிரிவினைக்குத் தடை என்ற அறிவிப்பும்தான் இருந்தன. முதல் நாளே, முதல் மணியிலேயே, இதை நிறுத்துங்கள் என்று நாட்டின் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றிச் சொல்லியிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று கணக்கிட வழியில்லை. ஆனால் சொல்லாமல் விட்டதை அன்று தீ வைத்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமே இல்லை.

இந்தியாவில் நமக்குச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. பிரிவுகளிடையே பகை வளர்க்கும் பேச்சுக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் இந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி தேவை. பேசியவர் ஆளுங்கட்சிக்காரராக இருந்தால் அந்த அனுமதிக் கோப்பு எந்த வேகத்தில் நகரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1987-இல் ஓர் இடைத்தேர்தலில் மதத்தின் பெயரால் வாக்குக் கேட்டுப் பேசியதற்காகச் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயின் வாக்குரிமையும் போட்டியிடும் உரிமையும் ஆறு ஆண்டு பறிக்கப்பட்டன. அந்த உத்தரவு வந்தது 1999-இல். செல்வாக்கும் வீச்சும் உள்ளவர்களுக்குப் பேச்சில் கூடுதல் பொறுப்பு உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஓர் அமைச்சர் சொன்னதை அரசே சொன்னதாகக் கொள்ள முடியாது என்று 2023 ஜனவரியில் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி நாகரத்னா அதில் மாறுபட்டார். சட்டத்தை இன்னும் கூர்மையாக்கலாம். முன் அனுமதி தரும் அதிகாரத்தை ஆளுங்கட்சியின் கையிலிருந்து எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் வ.உ.சி.க்கு நேர்ந்ததை மறக்காதவர்கள், எல்லாவற்றையும் போலீசிடமும் வழக்கிடமும் ஒப்படைத்துவிட்டு உட்கார மாட்டார்கள்.

மிச்சமிருக்கும் வேலை கட்சிகளுடையது, பத்திரிகைகளுடையது, வாக்காளர்களுடையது. பகை பேசியவருக்கே அடுத்த தேர்தலில் சீட்டுக் கொடுக்கும் கட்சி, அந்தப் பேச்சைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். 'சர்ச்சைப் பேச்சு' என்று தலைப்பிட்டு அதையே மூன்று நாள் ஓட்டும் தொலைக்காட்சி, மேடைக்கு இன்னொரு ஒலிபெருக்கியைத் தந்ததாகத்தான் பொருள். எதிர்க்கட்சித் தலைவரின் வெறுப்பைக் கண்டித்துவிட்டுத் தன் தலைவரின் வெறுப்புக்குக் கைதட்டும் தொண்டன், தன் தெருவுக்குத் தானே ஆபத்தை அழைக்கிறான். ஒவ்வொரு தரப்பும் மற்றவன் தொடங்கினான் என்றே சொல்லும். ருவாண்டாவிலும் அப்படித்தான் சொன்னார்கள். அடுத்த முறை ஒரு பேச்சுக்குப் பின் ஓர் ஊர் கலங்கினால், உங்கள் தலைவரிடம் நீங்களே கேளுங்கள்: யாரை நோக்கிப் பேசினீர்கள்? என்ன நடக்கும் என்று தெரிந்து பேசினீர்களா? நடந்தபின் அந்தக் கூட்டத்தின் முன்னே போய், இது தவறு, என் பெயரால் இதைச் செய்யாதீர்கள் என்று சொன்னீர்களா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடியாதவருக்கு, அவர் எந்தக் கட்சியில் இருந்தாலும், வாக்களிக்காதீர்கள்.